நான் பச்சைச் சரி போட்ட விற்றமின் டி ரிப்போர்ட்

ஹட்டன் பஸ் நிலையத்தில் இறங்கி என் சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. "பச்சை மிஸ்" என்று கேட்டால் வெற்றிலைக் கடைக்காரர்கூட வழி சொல்வார். நான் பச்சைச் சேலை கட்டிக்கொண்டு திரிந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். காரணம் ஒரு பேனா. ஆய்வுகூட வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். மெஷின்களைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். என் காலத்து மெஷினைப் பார்த்தால் தையல் மெஷின் என்று நினைப்பீர்கள். அந்தப் பேனாவைப் பற்றியும் அதனால் நான் பட்ட பாட்டைப் பற்றியும் சொல்கிறேன். சிரிக்க வேண்டிய இடத்தில் தாராளமாகச் சிரியுங்கள். நானே இதை நினைத்துப் பல வருஷமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளில் ஹட்டனில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் சேர்ந்தேன். கூடம் என்பது பெரிய வார்த்தை. துணிக்கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை, செங்குத்தான ஒரு படிக்கட்டு, தண்ணீர் வந்தால் வரும் ஒரு குழாய். ரத்தம் எடுப்பதும் நான், பரிசோதிப்பதும் நான், ரிப்போர்ட் எழுதுவதும் நான். ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருக்கும். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வருபவர்கள் அந்தத் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு, "நல்லா இருக்கா மிஸ்?" என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். பின்னால் வரிசை படிக்கட்டு வரைக்கும் நிற்கும். ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து விளக்க நேரமில்லை. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். அளவு சரியாக இருந்தால் பக்கத்தில் பச்சைப் பேனாவால் ஒரு சரி, இல்லாவிட்டால் சிவப்பால் ஒரு வட்டம். எழுத்துத் தெரியாதவருக்கும் புரியும். பெரிய சமூக சேவை செய்துவிட்டதாக அன்று இரவு சந்தோஷமாகத் தூங்கினேன்.

இந்த வழக்கம் கினிகத்தேனையிலிருந்து லிந்துலை வரைக்கும் பரவியது. "எனக்கு மூணு பச்ச, ஒரு செவப்பு" என்று பஸ்ஸில் பேசிக்கொள்வார்கள். மாப்பிள்ளையின் சர்க்கரை ரிப்போர்ட்டைப் பச்சையோடு கொண்டுபோய்ப் பெண் வீட்டில் காட்டிய கல்யாணத் தரகரும் உண்டு. தோட்டத்து ஆபீஸ்களிலும் எண்களை யாரும் பார்ப்பதில்லை, நிறத்தைத்தான் பார்த்தார்கள். ஒரு வைத்தியர் மட்டும், "மிஸ், வைத்தியம் நான் பாக்கவா, நீங்களே பாத்துக்கிறீங்களா?" என்று கேட்டார். அவருக்குப் பொறாமை என்று முடிவு கட்டினேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷம் போனதும் விற்றமின் டி டெஸ்ட் என்ற பேச்சு எங்கள் பக்கமும் அடிபடத் தொடங்கியது. உங்களுக்குத் தெரிந்ததுதான்: வெயில் பட்டால் நம் தோலே செய்துகொள்கிற சத்து அது. அது இல்லாவிட்டால் சாப்பாட்டிலிருக்கும் கல்சியத்தை உடம்பு பிடித்துக்கொள்ளாது, எலும்பு மெல்ல மெல்ல மிருதுவாகிவிடும். எங்களிடம் அதைப் பார்க்கும் வசதி இல்லை. ரத்தத்தைத் தெளிய வைத்து ஐஸ் பெட்டியில் போட்டு, காலை பஸ்ஸில் கொழும்பிலிருந்த ஒரு பெரிய கூடத்துக்கு அனுப்புவோம். ரிப்போர்ட் சில நாளில் திரும்பி வரும். அதன் மேல் நான் நிறம் போடுவேன்.

அப்படி ஒரு டெஸ்டுக்குத்தான் மரகதம் வந்தாள். லிந்துலைப் பக்கத்துத் தோட்டம், நாற்பது வயதிருக்கும், புருஷன் இறந்துவிட்டான். இரண்டு பெண் பிள்ளைகளும் மாமியாரும் அவள் உழைப்பில் இருந்தார்கள். இடுப்பிலும் தொடையிலும் எலும்புக்குள்ளே வலி என்றாள். மலை ஏற முடியவில்லை, குந்தினால் எழும்ப முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் வலி மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். தோட்டத்து மருந்தகத்தை நடத்திய உத்தியோகத்தர், எல்லோருக்கும் அவர் டாக்டர் ஐயாதான், விற்றமின் டி, கல்சியம், அல்கலைன் பொஸ்பட்டேஸ் மூன்றையும் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதியிருந்தார்.

அவர் போனிலும் பேசினார். விஷயம் வலியோடு நிற்கவில்லை என்றார். நோய் என்று தெரிந்தால் மரகதத்துக்குப் பிள்ளைக் காம்பராவில், அதாவது வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், லேசான வேலை கொடுக்கத் தோட்ட நிர்வாகியான துரை சம்மதித்திருந்தார். நோய் இல்லை என்றால் அவள் மலைக்குப் போய்த் தேயிலைக் கொழுந்து எடுக்க வேண்டும். போகாவிட்டால் வேலைப் பதிவிலிருந்து பேரை வெட்டுவார்கள். பேர் போனால் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்து அறையும் போகும். வேலைக்குப் போகாமல் இருக்க நடிக்கிறாள் என்று லயமே பேசுகிறது, அவள் மாமியாரும் அதைத்தான் சொல்கிறார் என்று ஐயா வருத்தப்பட்டார். ஆக, அந்த ஒரு ரிப்போர்ட்டில் ஒரு குடும்பம் குடியிருக்கும் வீடே தொங்கிக்கொண்டிருந்தது. இது எனக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்துகொண்டுதான் இனிச் சொல்லப்போகும் காரியங்களைச் செய்தேன்.

முதல் காரியம், சிரித்தது. "தோட்டத்து ஆளுக்கு வெயில் டெஸ்டா? ஒங்களுக்கே வெயில் இல்லன்னா இந்த மாடியில உக்காந்திருக்கிற நான் எங்க போறது?" என்று மரகதத்திடமே கேட்டேன். அவளும் மரியாதைக்குச் சிரித்தாள். என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்கவில்லை. தோட்டம் என்றால் கொழுந்து, கொழுந்து என்றால் வெயில், அவ்வளவுதான் என் கணக்கு.

இரண்டாவது காரியம் இன்னும் விசேஷம். கொழும்புக் கூடத்தின் விலைப் பட்டியலில் விற்றமின் டி என்று இரண்டு இருந்தன. முதலாவது, இருபத்தைந்து ஹைட்ரொக்சி. மற்றதன் பெயர் இன்னும் நீளம், ஒன்று-இருபத்தைந்து டைஹைட்ரொக்சி. உடம்பில் வேலை செய்யும் வடிவம் என்று அதன் பக்கத்தில் போட்டிருந்தது, விலையும் கூடுதல். சீட்டிலோ விற்றமின் டி என்று மட்டும்தான் இருந்தது. டாக்டர் ஐயாவிடம் ஒரு போன் போட்டு எது என்று கேட்டிருக்கலாம். அவருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் இரண்டு பேர் சேர்ந்து தெரியாமல் இருந்தால் மூன்றாவது ஆளிடம் கேட்கத் தோன்றும். நான் ஒருத்தி தனியாக அறிவாளியாக இருந்தேன். சேலைக் கடையில் விலை கூடியதுதான் நல்ல சேலை என்று நினைக்கிற அதே புத்தியோடு, பாவம், கஷ்டப்பட்ட பெண், அவளுக்கு நல்லதாகவே பார்ப்போம் என்று பெரிய பெயரைத் தேர்ந்தெடுத்தேன். அந்தக் கூடுதல் விலையை நானே போட்டேன் என்பதில் எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

மூன்றாவதும் இருக்கிறது. கல்சியத்தையும் அல்கலைன் பொஸ்பட்டேஸையும் எங்கள் கூடத்திலேயே பார்த்தேன். கல்சியம் சாதாரண அளவின் அடிமட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அல்கலைன் பொஸ்பட்டேஸ் எங்கேயோ மேலே போய் நின்றது. எலும்பு கஷ்டப்படும்போது அது ஏறும் என்று படித்தவள்தான் நான். ஆனால் அந்த வாரம் அடிக்கடி கரண்ட் போனது. குளிர்சாதனப் பெட்டி நின்று ரசாயனம் பழுதாகியிருக்கும், புதுப் போத்தல் வந்ததும் பார்க்கலாம் என்று அந்த இடத்தை வெறுமையாக விட்டேன். என் கையால் செய்த டெஸ்டை நம்பவில்லை. கொழும்பிலிருந்து வரப்போகும் தாளுக்காகக் காத்திருந்தேன்.

தாள் வந்தது. எண் சாதாரண அளவுக்குள் சொகுசாக உட்கார்ந்திருந்தது. விற்றமின் டிக்கு ஒரு பச்சை, கல்சியத்துக்கு ஒரு பச்சை. மரகதத்திடம் கொடுத்து, ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள் என்றேன். நல்ல செய்தி சொன்னால் ஜனங்களின் முகம் எப்படி மாறும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், பல வருஷம் பார்த்திருக்கிறேன். அவள் முகம் அப்படி மாறவில்லை. தாளை மடித்து மார்போடு செருகிக்கொண்டு எழும்ப முயன்றாள், மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழும்ப முடிந்தது. அதற்குள் நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு நாள் காலை, பஸ் வந்துவிட்டதா என்று பார்க்க வெளியே எட்டிப் பார்த்தேன். படிக்கட்டில் மரகதம் இருந்தாள். நின்றுகொண்டு ஏறவில்லை. எனக்கு முதுகைக் காட்டிப் படியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மேல் படியில் ஊன்றி, உடம்பைத் தூக்கி அடுத்த படியில் வைத்தாள். கொஞ்சம் மூச்சு வாங்கினாள். மறுபடி கையை ஊன்றினாள். துணிக்கடைக்கு வந்தவர்கள் கீழே நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "எப்பவும் இப்புடித்தான் மிஸ் ஏறுவேன். போன தடவையும் இப்புடித்தான் வந்தேன். நீங்க உள்ளுக்கு இருந்தீங்க" என்றாள்.

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவள் தாளை எடுத்து மேசையில் விரித்தாள். என் இரண்டு பச்சையும் அழகாக இருந்தன.

"ஒங்கள கொறை சொல்ல வரல மிஸ். நீங்க பச்ச போட்டுருக்கீங்க. அதப் பாத்துட்டு, நாளைக்குப் பெரட்டுக்கு வந்து மலைக்குப் போகணும், இல்லன்னா பேர வெட்டிருவேன்னு தொரை சொல்லிட்டாரு. அது அவரு நாயம். ஆனா நெசமாவே ஒண்ணுமில்லன்னா எனக்கு ஏன் வலிக்குது? எனக்கே தெரியாம நான் நடிக்கிறேனா மிஸ்?"

சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன், எனக்கும் வாய் உண்டு. இங்கேயோ, என் பேனாவை நம்பி ஒருத்தி தன் சொந்த வலியைச் சந்தேகப்படும் நிலைக்கு வந்துவிட்டாள். அப்போதுதான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன், தோட்டத்தில் என்ன வேலை செய்தீர்கள் என்று.

"ஸ்டோருல மிஸ். தேயில சலிக்கிற எடத்துல. வயசுக்கு வந்த காலத்துலருந்து அங்கதான். விடிய முன்னுக்கு உள்ள போனா பொழுது சாஞ்சிதான் வெளிய வருவோம். இப்ப ஸ்டோர மூடிட்டாங்க, அதான் மலைக்குப் போகச் சொல்றாங்க."

ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. இதில் வேடிக்கை என்னவென்றால், நான் பிறந்ததே கந்தப்பளையில் ஒரு லயத்தில். என் அப்பா ஸ்டோரில்தான் வேலை செய்தார். பகலில் அவர் முகத்தைப் பார்ப்பதே எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான். தோட்டத்தில் வெயில் படாமலே வயதாகிறவர்கள் இருக்கிறார்கள் என்று உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஹட்டனில் மாடி ஏறி உட்கார்ந்ததும் அதெல்லாம் மறந்துபோய், தோட்டம் என்றால் படத்தில் வருகிற கொழுந்துக் கூடை என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொழும்புக் கூடத்துக்குப் போன் போட்டேன். அங்கே ரிப்போர்ட்டுகளுக்குக் கையெழுத்திடும் வைத்தியர் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். அதுவரைக்கும் நேரில் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. ரிப்போர்ட்டில் ஏதோ பிழை என்று ஆரம்பித்தேன், கொஞ்சம் அதட்டலாகவே. அவர் நிதானமாக மாதிரியின் இலக்கத்தைக் கேட்டு, எடுத்துப் பார்த்து, எண்ணில் பிழை இல்லை என்றார். பிறகு, "எந்த டி கேட்டனீங்கள்?" என்றார். உடம்பில் வேலை செய்யும் வடிவத்தைத்தான் என்று பெருமையோடு சொன்னேன். அதற்கு அவர் சொன்னது:

"பிள்ளை, பெட்டியிலை அரிசி இருக்கோ எண்டு பாக்கச் சொன்னால், நீர் தட்டிலை சோறு இருக்கோ எண்டு பாத்திருக்கிறீர்."

இந்த ஒரு வாக்கியத்தைப் புத்தகத்தில் எழுதியிருந்தால் நான் பரீட்சையில் இன்னும் நல்ல புள்ளி எடுத்திருப்பேன். உடம்பு சேர்த்து வைத்திருக்கும் விற்றமின் டியைக் காட்டுவது இருபத்தைந்து ஹைட்ரொக்சி. அதுதான் அரிசிப் பெட்டி. மற்றது அன்றைக்குத் தேவைக்கு வடித்த சோறு. பெட்டி காலியாகக் காலியாக உடம்பு பதறிப்போய், மிச்சமிருப்பதைச் சுரண்டி எடுத்து வடித்துத் தட்டை நிரப்பும். தட்டு நிறைந்திருப்பதைப் பார்த்து அந்த வீட்டில் பஞ்சமே இல்லை என்று நான் பச்சை போட்டிருக்கிறேன். கொழும்புக் கூடம் பிழை செய்யவில்லை. நான் கேட்ட கேள்விக்கு அவர்கள் மிகச் சரியான பதிலைத் தந்தார்கள். பிள்ளைகளே, மாதிரி மாறினால் கண்டுபிடிக்கலாம், மெஷின் பிழையானால் கண்டுபிடிக்கலாம். கேள்வி பிழையானால் ரிப்போர்ட் சுத்தமாக, கையெழுத்தோடு, முத்திரையோடு வரும். எதைக் கேட்கிறோம் என்பதைச் சீட்டு எழுதியவரோடு பேசிவிட்டு அனுப்புங்கள்.

அம்மா விடவில்லை. அல்கலைன் பொஸ்பட்டேஸ் செய்தேனா என்று கேட்டார். செய்தேன், கூடியிருந்தது, ஆனால் ரசாயனம் பழுது என்றேன். ரசாயனம் பழுது என்று யார் சொன்னது என்றார். நான்தான் என்றேன். என்னுடைய ரத்தத்தை அதே ரசாயனத்தில் போட்டுப் பார்க்கும்படி அவர் சொன்னார். போனை வைத்ததும் என் கையில் நானே ஊசி குத்திக்கொண்டேன். என் அளவு சாதாரணமாக வந்தது. மரகதத்திடம் புதிதாக எடுத்த ரத்தத்தைப் போட்டேன், மறுபடி அதே உயரத்தில் போய் நின்றது. ரசாயனத்துக்கு ஒரு கேடும் இல்லை. புது ரத்தத்தோடு என் ரத்தத்தையும் சேர்த்துக் கொழும்புக்கு அனுப்ப எடுத்துவைத்தேன், இந்த முறை சரியான டெஸ்டின் பெயரைப் போட்டு.

புது ரிப்போர்ட் வர நாலைந்து நாளாகும். பெரட்டோ, அதாவது வேலைக்குப் பேர் கூப்பிட்டு ஆளைப் பிரிக்கும் இடமோ, நாளைக்குக் காலையில். இங்கேதான் எனக்குள் ஒரு வக்கீல் எழும்பி வாதாடத் தொடங்கினாள். சும்மா இரு, புதுத் தாள் வந்ததும் பழையதை நைசாக மாற்றிக்கொடு, ஒருவருக்கும் தெரியாது. ஒரு பச்சை தப்பு என்று நீயே சொன்னால், இதுவரை பச்சை வாங்கிய அத்தனை பேரும் படியேறி வருவார்கள், கல்யாணத் தரகர் உட்பட. அதைவிட, புதுத் தாளும் சாதாரணமாக வந்துவிட்டால் உன் கதி என்ன? நல்ல வக்கீல்தான், பேச்சில் பிழை இல்லை. ஆனால் அவள் பேசி முடிக்கும்வரை மரகதம் எதிரில் உட்கார்ந்து முழங்காலை அமுக்கிக்கொண்டிருந்தாள். இந்தக் காலை வைத்துக்கொண்டு நாளைக்கு ஈரத்தில் மலை ஏறினால் விழுவாள், எலும்பு முறியும். ஏறாவிட்டால் வீடு போகும். கதவைப் பூட்டிவிட்டு அவளோடு லிந்துலை பஸ்ஸில் ஏறினேன்.

தோட்டத்து ஆபீசுக்கு நான் போய்ச் சேர்ந்த கோலத்தைக் கேட்காதீர்கள். மழையில் செம்மண் வழுக்கி ஒரு முறை உட்கார்ந்தே போனேன். சேலைக் கரையில் சேறு, கணுக்காலில் இரண்டு அட்டை. புறப்படும் முன் நான் போட்ட போனை நம்பி, பெரிய ஆய்வுகூடத்திலிருந்து ஒரு பெரிய மனுஷி வருகிறாள் என்று டாக்டர் ஐயா துரையிடம் சொல்லிவைத்திருந்தார், பாவம்.

துரை சிங்களவர், தன்மையானவர்தான். சிங்களத்தில் பேசினோம். என் பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பச்சையின் மேல் விரலை வைத்து, இது உங்கள் பேனாதானே என்றார். ஆமாம் என்றேன். அப்படியானால் இப்போது என்ன நோய் என்றார். எலும்பு மிருதுவாகும் நோயாக இருக்கலாம் என்று சந்தேகம், உறுதியாகச் சொல்ல முடியாது, நான் பிழையான டெஸ்டை எடுத்துவிட்டேன், சரியான டெஸ்டுக்கு ரத்தம் எடுத்தாயிற்று என்றேன். இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்வதற்குப் பல்லைப் பிடுங்குவதே மேல். போன வாரம் உறுதியாகச் சொன்னீர்களே என்று அவர் கேட்டார். போன வாரம் எனக்கு அறிவு கூடியிருந்தது என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் சிரித்துவிட்டு விட்டுவிடுகிற ஆள் இல்லை. ரிப்போர்ட் வரும்வரை அவளைப் பிள்ளைக் காம்பராவில் வைக்கிறேன், உங்கள் ரிப்போர்ட் பிழை என்று இந்தத் தாளிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றார். போட்டேன். அவர் கொடுத்த நீலப் பேனாவால்தான்.

அந்த நாலைந்து நாளும் நான் நிம்மதியாகச் சோறு தின்னவில்லை. ரிப்போர்ட் சாதாரணமாக வந்தால் மரகதத்துக்கு வீடு போகும், எனக்கு மானம் போகும். இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது நினைத்தால் கூசுகிறது.

பஸ்ஸில் வந்த உறையைப் படிக்கட்டிலேயே கிழித்தேன். மரகதத்துக்கு ஏழு. இருபதுக்குக் கீழே போனால் குறைவு என்கிற அளவில் ஏழு. நான் கைதட்டினேன். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு கைதட்டினேன். துணிக்கடை முதலாளி எட்டிப் பார்த்து, "என்ன மிஸ், லொத்தர் சீட்டுல பரிசு விழுந்திருச்சா?" என்று கேட்டார். அப்போதுதான் நான் எதற்குக் கைதட்டுகிறேன் என்று எனக்கே உறைத்தது. ஒருத்தியின் எலும்பு உள்ளே கரைந்துகொண்டிருக்கிறது என்ற செய்திக்கு!

உறையில் என் ரத்தத்தின் ரிப்போர்ட்டும் இருந்தது. எனக்குப் பதினெட்டு. மாடியில் உட்கார்ந்து வெயில் ஜோக் அடித்தவளுக்கும் குறைவுதான். ஆனால் எனக்கு வலி இல்லை, கல்சியமும் மற்றதும் சாதாரணம். வைத்தியர் சின்ன அளவில் மாத்திரை தந்து, கொஞ்சம் வெளியில் நடக்கச் சொன்னதோடு சரி. இரண்டும் குறைவு, இரண்டுக்கும் நான் சிவப்பு வட்டம்தான் போட்டிருப்பேன். ஒருத்திக்கு அது நோய், மற்றவளுக்கு அது ஒரு புத்திமதி. இப்போது ஆபீசில் இருக்கிறவர்கள் எல்லாம் இந்த டெஸ்டை எடுத்துவிட்டு, இருபத்தைந்து என்று வந்தால் உலகம் முடிந்த மாதிரி மாத்திரையை அள்ளி விழுங்குகிறார்கள். வைத்தியர்களுக்குள்ளேயே இந்த எல்லை எது என்று ஒத்த கருத்து இல்லை. எந்த அலகில் எழுதியிருக்கிறது என்று பாருங்கள், சில கூடங்கள் வேறு அலகில் கொடுப்பார்கள், அதில் எண் இரண்டரை மடங்காகத் தெரியும். கல்சியம் என்ன சொல்கிறது, அல்கலைன் பொஸ்பட்டேஸ் என்ன சொல்கிறது என்று பாருங்கள். அந்த ஆள் எப்படி நடந்து வந்தார் என்று கட்டாயம் பாருங்கள். அதற்குக் கருவி வேண்டாம், கதவைத் திறந்து வைத்தால் போதும்.

பிறகு நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாக்டர் ஐயா மரகதத்தை ஒரு விசேட வைத்தியரிடம் அனுப்பினார், அவர் மருந்து கொடுத்தார். வலி போக மாதக்கணக்கானது. பிள்ளைக் காம்பரா வேலை நிலைத்தது, வீடும் நிலைத்தது. நான் அந்தப் பேனாவை விட்டேன். வரிசை படிக்கட்டைத் தாண்டித் தெருவரைக்கும் போனது, ஜனங்கள் திட்டினார்கள், ஆனாலும் ஒவ்வொருவரிடமும் வாயால் பேசித்தான் தாளைக் கொடுத்தேன். பட்டப்பெயர் மட்டும் போகவில்லை.

இனி அந்த ஏழு வந்த நாளுக்குத் திரும்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். மனம் கேட்கவில்லை, அன்றைக்கே மறுபடி லிந்துலை பஸ் ஏறினேன். லயத்தைத் தேடிப் போய்ச் சேரும்போது பின்னேரமாகிவிட்டது. மரகதம் பிள்ளைக் காம்பராவிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் வெறும் குடத்தோடு, மலைத் தண்ணீர் வந்து விழும் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். மாமியார் உள்ளே அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று சொன்னதும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார், முகம் கொடுக்கவில்லை.

வாசலில் வைத்தே சொன்னேன். ஒங்க ஒடம்புல விற்றமின் டி ரொம்பக் கொறைஞ்சு போயிருக்கு, எலும்பு அதனாலதான் வலிக்குது, மருந்து இருக்கு, கொணமாகும் என்றேன். இந்த முறை அவள் முகம் மாறியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"அப்ப நான் நடிக்கலல்ல மிஸ்?"

"நீங்க நடிக்கல. பிழை என்னோடது."

அவள் குரலைத் தாழ்த்தி, "அத உள்ளுக்கு வந்து ஒருக்கா சத்தமா சொல்லுங்க மிஸ்" என்றாள்.

உள்ளே போய் மாமியார் பக்கத்தில் குந்தினேன். அம்மா, ஒங்க மருமகள் பொய் சொல்லல, முதல்ல ஒண்ணுமில்லன்னு தாள் குடுத்தது நான், அது தப்பு, அவங்களுக்கு நெசமாவே எலும்புல நோய் என்று சத்தமாகச் சொன்னேன். சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பத்துக் காம்பராவுக்கும் கேட்டிருக்கும். அவர் என்னைப் பார்க்கவில்லை. அடுப்பில் விறகைத் தள்ளி வைத்தார். பிறகு எழும்பிப் போய், மருமகளின் கையிலிருந்த குடத்தை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பீலிப் பக்கம் நடந்தார்.